பின்சுவர்ச் சிவப்பு

அந்த வட்டாரத்தில் எல்லாரும் பட்டைப் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில், முதன்முதலாக உருளை வாங்கிச் சுவர் அடித்தவன் என்பதால் அவனுக்கு ரோலர் என்று பெயர் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. அக்கா தம்பி என்பாள். அக்கா புருஷன், அதாவது அத்தான், உயிரோடு இருந்தவரைக்கும் மச்சான் என்பார். ஊரிலேயே அந்த இரண்டு பேர்தான் அவனை ரோலர் என்று கூப்பிடாதவர்கள். அத்தான் போய்ச் சேர்ந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

அக்கா வீட்டை விற்பதாக முடிவாகிவிட்டது. மகள் வாழப்போன ஊரில் ஒரு ரூம் ஒழித்து வைத்திருந்தாள். வாங்க வருபவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்; வீட்டில் கைக்குழந்தை. ஒரு தடவை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து உள்ளே பார்ப்பதாகப் பேச்சு.

"பின்பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிறிப் போச்சு தம்பி. மேலாப்புல அதே சிவப்பை ஒரு கை ஓட்டி விட்டுடு," என்று அக்கா போனில் சொன்னாள். "ரெண்டு மழை தாங்குனா போதும்."

ரெண்டு மழை என்று ஏன் சொன்னாள் என்று அவன் அப்போது யோசிக்கவில்லை. ஏணி, சுரண்டி, கம்பிப் பிரஷ், வாளி எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் போய் இறங்கினான்.

அந்தச் சிவப்பு அவன் அடித்ததுதான். பூசாத செங்கல் வீடு. அத்தான் பஞ்சாலைச் சம்பளத்தில் வரிசை வரிசையாகச் சேர்த்துக் கட்டியது. முன்ரூம், சமையலறை, பின்ரூம், அதை ஒட்டிக் குளியலறை. நாற்பது வருஷமாக மழையிலும் வெயிலிலும் நின்று, செங்கல் இடத்துக்கு இடம் கறுத்தும் பாசி பிடித்தும் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், அக்கா மகள் கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது ரோலர் யாரையும் கேட்காமல் சாரம் கட்டினான். இடுக்குகளில் சிமென்ட் வைத்து அடைத்தான். மேலே ரப்பர் மாதிரி இழுபடுகிற கெட்டிப் பெயின்ட், இரண்டு கை. பத்து வருஷத்துக்குச் சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. எட்டு நாள் சாரத்தில் தொங்கினான். கூலி என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

அத்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "செங்கல் கலரே நல்லாத்தானே மச்சான் இருந்துச்சு," என்றார் ஒரே ஒரு தடவை.

"அத்தான், சம்பந்தி வீட்டுக்காரங்க வரும்போது தெருமுனையிலேயே தெரியணும், இதான் பொண்ணு வீடுன்னு."

"தெரியும் தெரியும். ரயில்ல வந்தாக்கூட தெரியும்," என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பஞ்சாலையில் முப்பது வருஷம் இருந்தவர்களுக்கு அந்த இருமல் இருக்கும். அதை யாரும் புதிதாகப் பார்க்கவில்லை.

இப்போது, அத்தான் போனபிறகு முதன்முறையாகப் பின்பக்கம் வந்து பார்த்தால் சுவர் வெளிறித்தான் இருந்தது. அதோடு இடுப்பு உயரத்துக்குக் கீழே அங்கங்கே உப்பியும் இருந்தது. சின்னதும் பெரியதுமாக, எண்ணெய் தெறித்த கை மாதிரி. ரோலர் ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மணிக்கட்டில் பட்டு முழங்கை வரைக்கும் வழிந்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வழிந்த தண்ணீர் சில்லென்று இருந்தது.

சுரண்டியை நுழைத்து நெம்பினான். பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. வந்தது பெயின்ட் மட்டுமில்லை; செங்கல்லின் முகமும் விரல்கடை கனத்துக்கு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே செங்கல் நனைந்த ரொட்டி மாதிரி இருந்தது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. பொடிக்கு நடுவே உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

அவன் இன்னொரு இடத்தில் உரித்தான். இன்னொரு இடத்தில். குனிந்து, மண்டிபோட்டு, பின்னே போய் மறுபடி முன்னே வந்து, பதினொரு மணிக்குள் ஒரு கதவகலம் உரித்துவிட்டான். எங்கே உரித்தாலும் அதேதான்.

வெளியிலிருந்து வருகிற மழைக்கு அவன் கதவைச் சாத்தியிருந்தான். அடிமண்ணிலிருந்து ஏறுகிற ஈரத்தை, குளியலறையிலிருந்து கசிகிற ஈரத்தை, நாற்பது வருஷமாகச் சுவர் வெயிலில் விட்டுவிட்டு இருந்திருக்கிறது. விடுகிற வழியைத்தான் அவன் அடைத்திருந்தான். வெளியே போக வழியில்லாத ஈரம் வேறு எந்தப் பக்கம் போயிருக்கும்? அந்தச் சுவருக்கு உள்பக்கம் அத்தான் படுத்த பின்ரூம்.

அக்கா டீ டம்ளரோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள். டீயை ஏணிப் படியில் வைத்தாள்.

"யாருடா உன்னை உரிக்கச் சொன்னது?"

"அக்கா, இது..."

"மேல அடிக்கத்தானே கூப்பிட்டேன்? உரிச்சுப் போடவா கூப்பிட்டேன்?"

அவன் எழுந்து வீட்டுக்குள் போனான். பின்ரூமில் கட்டில் இல்லை. அத்தான் போன மறுவாரமே அதைக் கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் பக்கமாக நிற்க வேண்டிய பீரோ, பின்சுவரை ஒட்டி நின்றது; இடம் மாறியதை முன்பே பார்த்திருந்தும் ஏன் என்று அவன் யோசித்ததில்லை.

"அதை நகர்த்தாதே," என்று அக்கா பின்னாலேயே வந்தாள். "தம்பி, சொல்றேன்ல, நகர்த்தாதே."

அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். பீரோ கிறீச்சிட்டு நகர்ந்தது. சுவரில் ஓர் ஆள் அகலத்துக்குக் கறுப்பு. துடைத்துத் துடைத்து நடுவில் மட்டும் சாம்பலாகி, ஓரமெல்லாம் மயிர் மயிராகப் பூஞ்சணம். கீழே மடித்த பழைய பேப்பர்கள், ஊறிக் கட்டியாகி இருந்தன. பக்கத்தில் பாதி தீர்ந்த பிளீச்சிங் தண்ணீர்ப் பாட்டில், அதன் மேல் மடித்துப் போட்ட கந்தைத்துணி.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?"

"கேக்கறேன்ல அக்கா."

அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "நீ அடிச்சப்புறம் வந்த முதல் மழைக்கே வந்துடுச்சு. அப்ப உள்ளங்கை அகலம்தான். துடைச்சேன். மறுவாரம் தலகாணி அகலம் ஆச்சு. அதையும் துடைச்சேன். தினம் காலையில பல்லு விளக்குற மாதிரி, எழுந்தவுடனே அதான் வேலை."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் போன் எடுத்தேன். அவர் என் கையில இருந்து பிடுங்கி வச்சுட்டாரு. 'எட்டு நாளு தொங்கிட்டு அடிச்சிருக்கான். இது அவன் காதுல விழுந்தா பிரஷ்ஷையே தொட மாட்டான், பீரோவை இழுத்து மறை'ன்னாரு. ரெண்டு பேருமா சேர்ந்துதான் இழுத்தோம். அப்பவே அவருக்கு மூச்சு வாங்குச்சு."

"முன்ரூம்ல மாத்திப் படுத்திருக்கலாமே!"

"எப்படிடா படுப்பாரு? ஞாயித்துக்கிழமை தவறாம வந்து நிப்பே. வந்ததும் சுவரைச் சுத்தி ஒரு நடை. கையால தடவிப் பார்ப்பே. உன் மூஞ்சியில அப்படி ஒரு பூரிப்பு. கட்டில் முன்னாடி கிடந்தா ஏன்னு கேப்பேல்ல? கேட்டா என்ன சொல்றது?" அவள் குரல் உயரவில்லை. காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னாள். "டாக்டர்கூட கேட்டாரு. வீட்டுல எங்கயாவது ஈரம் கீரம் இருக்கான்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவர் முந்திக்கிட்டாரு. 'அதெல்லாம் இல்ல சார். வீடு கிண்ணுனு இருக்கு, மச்சான் பெயின்ட் அடிச்சுக் கொடுத்திருக்கான்'னாரு. அதையும் பெருமையாத்தான் சொன்னாரு."

ரோலர் பீரோவின் மேல் கை வைத்தபடி நின்றான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. "அப்ப நான்தான் அக்கா..." என்று தொடங்கினான்.

"வாயை மூடு," என்றாள் அக்கா. "மில்லு பாதி தின்னுச்சு. மீதியைப் பத்திப் பேசாதே. பேசறதுக்காக நான் உன்னைக் கூப்பிடலை. ஞாயித்துக்கிழமைக்குள்ள இதை மூடு."

அன்று சாயங்காலம் அவன் பெயின்ட் கடைக்குப் போனான். உரிந்த பெயின்ட் துண்டு ஒன்றைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போயிருந்தான். கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் பளபளவென்று சிவப்பு, மறுபக்கம் செங்கல் சதை.

"செங்கலுக்கு மழைக்கோட்டு போட்டு விட்டிருக்கே," என்றாள். "மழைக்கோட்டைக் கழட்டாம வருஷக்கணக்கா இருந்தா மனுஷனுக்கே தோல் அழுகிப் போகும். யார் வீடு?"

"தெரிஞ்சவங்க வீடு. அடிச்சு நாலு வருஷம் ஆச்சு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சிலிகேட்டுன்னு ஒரு பெயின்ட் வருது. கல்லோட கல்லா ஒட்டிக்கும், ஆவியையும் வெளிய விடும். டவுன்ல சொல்லி வரவழைக்கணும். ஆனா பழைய பெயின்ட் ஒரு பொட்டு இருந்தாலும் பிடிக்காது. அதோட, தோல் போன செங்கல்னு சொல்றே. அது மேல அது எப்படி உட்காரும்னு எனக்கு உத்தரவாதமா சொல்லத் தெரியல."

"வேற?"

"சுண்ணாம்புதான். நல்லா நீத்த சுண்ணாம்பைப் பால் மாதிரி கரைச்சு, சுவரை நனைச்சுட்டு நாலு கை, அஞ்சு கை. ஒவ்வொண்ணும் காயக் காய. செம்மண் பொடி கலந்தாலும் உன் சிவப்பு வராதுப்பா. வெளிறின கலர்தான், அதுவும் திட்டுத் திட்டா. மழை பட்டா கறுக்கும், வெயில் பட்டா வெளுக்கும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப அடிக்கணும். இடுக்குல வச்ச சிமென்ட்டையும் கொத்தி எடுத்துட்டுச் சுண்ணாம்புக் கலவை வை. அப்புறம் சுவர் தானா காயும். ஆனா ஒரு வாரத்துல காயும்னு கனவு காணாதே. உள்ள போனது நாலு வருஷத் தண்ணி."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியணும்னா?"

"முடியணும்னா அதோ, ஈரத்தை உள்ளயே அடைச்சு வைக்கிற அந்த சீலர். ஒரு கை அதை அடி, மேல அதே சிவப்பு ஒரு கை. கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கும். ரெண்டு மழை தாங்கும்."

அக்கா வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. அவன் நிமிர்ந்தான்.

"அங்க இருக்கப் போறவங்களுக்கு அடிக்கிறியா, வந்து பார்த்துட்டுப் போறவங்களுக்கு அடிக்கிறியா? அதைச் சொல்லிட்டு டப்பாவைத் தூக்கு," என்றாள் கடைக்காரம்மா.

மறுநாள் காலையில் அவன் வண்டியிலிருந்து சுண்ணாம்பு மூட்டைகளை இறக்குவதை அக்கா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னடா இது?"

"மூடினா மறுபடி அதேதான் ஆகும் அக்கா. முழுசா உரிச்சுட்டுச் சுண்ணாம்பு அடிக்கிறேன். ரெண்டு மாசம் கொடு."

"ரெண்டு மாசம். அதுவரைக்கும் நான் எங்க இருக்கிறது?"

"எங்க வீட்டுக்கு வா."

"வரமாட்டேன்." யோசிக்காமல் சொன்னாள். "தம்பி, எனக்கு இந்த வீட்டுல சோறு இறங்கலை. அவர் கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை இழுப்பாரே, அந்தச் சத்தம் இன்னும் அந்த ரூம்ல இருக்கு. குக்கர் சத்தம் போட்டாக்கூட ஓடிப்போய்ப் பார்க்கிறேன். துணியெல்லாம் கட்டி வச்சுட்டேன். வித்துட்டுப் போயிடறேன், விடு."

"வாங்கறவங்களுக்குக் குழந்தை இருக்கு அக்கா."

"எனக்குப் புருஷன் இருந்தாரு."

அவன் வாளியில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டான்.

"அன்னிக்கு யாரும் கேக்காம வந்து அடிச்சே," என்றாள் அக்கா. "இன்னிக்கு நான் வாய்விட்டுக் கேக்கறேன். இன்னிக்கு அடிக்க மாட்டேங்கிறே."

அவன் சுரண்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். அக்கா அவனைத் தடுக்கவில்லை, பேசவுமில்லை. மத்தியானம் ஒரு தட்டில் சோறும் பருப்பும் இரண்டு வெந்த முட்டையும் ஏணியடியில் மூடி வைத்திருந்தாள். அவன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிச் சமையலறை வாசலில் வைத்தான். மூன்று நாள் இப்படியே போனது. உள்ளே அவள் கந்தைத்துணியால் சுவரைத் துடைக்கிற சத்தம் கேட்கும். வெளியே அவன் அதே சுவரைச் சுரண்டுகிற சத்தம். நடுவில் ஒன்பது அங்குலம்.

வியாழக்கிழமை வெயில் ஏறியதும் உரித்த இடத்தில் ஆவி எழும்பியதைக் கண்ணால் பார்த்தான். சமையலறைச் சட்டியிலிருந்து எழும்புவதுபோல் மெல்லிதாக. பக்கத்தில் யாராவது இருந்தால் காட்டியிருப்பான்.

வேன்காரர் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அன்றைக்கு ஏதோ சுற்றுலாவுக்கு வண்டி போட வேண்டியிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்து நின்றுவிட்டார்கள். வேன்காரர், அவர் பெண்டாட்டி, இடுப்பில் எட்டு மாதப் பெண்குழந்தை. முன்பக்கம் இன்னும் சிவப்பாகப் பளபளத்துக்கொண்டுதான் இருந்தது.

அக்கா அவர்களை உட்காரவைத்து டீ கொடுத்தாள். ரோலர் கைகால் அலம்பிவிட்டு முன்ரூம் வாசலில் நின்றான். சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக மனதுக்குள் வசனம் கட்டி வைத்திருந்தான். அக்கா கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தான்.

அவர்கள் எழுந்து ரூம் ரூமாகப் பார்த்தார்கள். பின்ரூமில் பீரோ மறுபடி பின்சுவரை ஒட்டி நின்றது. தரை கழுவி, ஜன்னலில் துவைத்த திரை போட்டிருந்தது. வேன்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "பின்னால என்னமோ வேலை நடக்குது போலிருக்கே?"

ரோலர் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். அவன் கட்டி வைத்திருந்த வசனத்தில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. "சும்மா, மராமத்து," என்றான்.

"இந்த ரூம் குளிர்ச்சியா நல்லா இருக்குங்க," என்றாள் வேன்காரர் பெண்டாட்டி. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "இவளுக்கு இங்கயே தொட்டில் கட்டிடலாம். வெயில்ல புழுங்கிப் புழுங்கித் தூங்கவே மாட்டேங்கிறா."

குழந்தை பீரோவின் கைப்பிடியை எட்டிப் பிடித்து ஆட்டியது.

"இங்க படுக்க வைக்காதீங்க," என்றாள் அக்கா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அந்த பீரோவை நகர்த்திப் பாருங்க. பின்னால போயும் பாருங்க. சுவர் பூரா தண்ணி. என் வீட்டுக்காரர் மூணு வருஷம் இந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரு. மூச்சு முட்டிச் செத்துப்போனாரு."

"பெயின்ட் எல்லாம் புதுசா இருக்கேன்னு பார்த்தேன். யார் அடிச்சது?" என்றார் வேன்காரர், கேட்க வேண்டுமே என்று கேட்டதுபோல.

"என் தம்பிதான்," என்றாள் அக்கா. கை நீட்டிக் காட்டவில்லை. "நல்லது நினைச்சுத்தான் அடிச்சான்."

அந்தப் பெண் ரோலரை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம்கூட இல்லை. ஓடுகிற வண்டிக்கு வழிவிடுகிற மாதிரி, குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே போனாள். வேன்காரர் மட்டும் வாசலில் நின்று, "சொன்னீங்களேம்மா, அதுவே பெரிசு," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். டீ டம்ளர்களில் பாதி டீ அப்படியே இருந்தது.

அவர்கள் போனபிறகு ரோலர், "நான் சொல்றதா இருந்தேன் அக்கா," என்றான்.

"தெரியும்."

"வாய் வரலை."

"அவருக்கும் வரலை. எனக்கும் வரலை. மூணு பேருக்கும் வாய் இருந்துச்சு." அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அக்கா ஒரு பெட்டியும் ஒரு பையுமாக மகள் ஊருக்குப் பஸ் ஏறினாள். வீடு விற்கவில்லை. இனி அந்தத் தெருவில் யாரும் சீக்கிரத்தில் கேட்கப்போவதுமில்லை. பேச்சு அதற்குள் பரவிவிட்டது. ரோலருக்கு வந்துகொண்டிருந்த வேலைகளும் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு வீட்டில், "அப்புறம் சொல்லி அனுப்பறோம்பா," என்றார்கள். இன்னொரு வீட்டில் அவன் கண்ணெதிரே வேறு ஆள் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். அன்று பஸ்ஸில் உட்கார்ந்தபின் அக்கா ஜன்னல் வழியாகச் சாவியைக் கொடுத்திருந்தாள்.

அவன் நாலு சுவரையும் உரித்தான். இரண்டு மாதம் என்றது மூன்றரை மாதம் ஆனது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்தபோது உளி வழுக்கி இடதுகைப் பெருவிரல் நகம் போனது. நைந்த செங்கல்களைப் பிடுங்கி, வேறு சூளைக் கல் வைத்தான். பிறகு சுண்ணாம்பு. அதிகாலையில் சுவரை நனைத்து, வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்கம் முடிப்பான். அடிக்கும்போது தண்ணீர் அடித்த மாதிரிதான் இருக்கும். ஒன்றுமே பிடிக்கவில்லை என்று தோன்றும். மத்தியானத்துக்குமேல் மெல்ல மெல்ல நிறம் எழும்பும். உருளை இதற்கு உதவாது, பட்டைப் பிரஷ்தான். ஐந்து கை அடித்தபின் வீடு வெளிறிய செம்மண் நிறத்தில், திட்டுத் திட்டாக, தெருமுனையிலிருந்து பார்த்தால் தனியாகத் தெரியாமல் நின்றது.

மழைக்காலம் தொடங்கியதும் அவன் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அந்தப் பின்ரூமில் தங்கினான். பெண்டாட்டி ஏன் என்று கேட்டாள். காவலுக்கு என்றான். இரண்டாம் வாரத்தில் அவனுக்குச் சளி பிடித்தது, இருமினான். பெயின்டருக்கு இருமல் புதிதில்லை என்று சொல்லிக்கொண்டான். காலையில் எழுந்ததும் சுவரின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலு ஓரமும் ஒட்டிவிட்டு, மறுநாள் அதன் உள்பக்கம் ஈரம் நீர் முத்துக்கட்டியிருக்கிறதா என்று பார்ப்பான். முதலில் தாள் முழுக்க முத்து. பிறகு பாதி. பிறகு கீழ் ஓரத்தில் மட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை விட்டுச் சுவர் கறுப்பிலிருந்து வெளுத்துக்கொண்டிருந்த நேரம், அக்கா போன் செய்தாள். போன பிறகு முதல் தடவை.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"சுவர் எப்படி இருக்கு?"

"வெளிப்பக்கம் மழை விட்டா ரெண்டு மணி நேரத்துல காஞ்சுடுது அக்கா. உள்ள இன்னும் கொஞ்சம் இருக்கு. ஒரு முழ உயரத்துக்கு."

"எங்கிருந்து பேசறே?"

"இங்கிருந்துதான். பின்ரூம்."

"அங்க என்ன பண்றே?"

சொல்ல வாயெடுத்தபோது இருமல் முந்திக்கொண்டது. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தான். திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாள் என்று நினைத்தான்.

"பாயைத் தூக்கிட்டுப் போய் முன்ரூம்ல போடு," என்றாள் அக்கா.

"சரிக்கா."

"இப்பவே போடு. நான் போனை வைக்கலை. நீ நடக்கிற சத்தம் எனக்குக் கேக்கணும்."

அவன் குனிந்து, ஒரு கையால் பாயைச் சுருட்டத் தொடங்கினான்.